நகர மையத்தில் 40 மாடிக் கோபுரம்: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

நகர மையத்தில் ஒரு பெரிய மனை நெடுங்காலமாகக் கார் நிறுத்துமிடமாகக் கிடக்கிறது. அங்கே கீழே கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், அதற்கும் மேல் விற்பனைக்கான வீடுகள் என 40 மாடிகள் எழுப்ப ஒரு கட்டுமான நிறுவனம் அனுமதி கேட்கிறது. மாநகராட்சி பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தைக் கூட்டுகிறது. ஒரு வரிசை எழுந்து நிழல், நெரிசல், காற்று, வாடகை உயர்வு என்கிறது. எதிர்வரிசை வீட்டுப் பஞ்சம், வேலை, வரி வருவாய் என்கிறது. இரண்டு வரிசையும் உண்மையைத்தான் பேசுகின்றன. ஆனால் இரண்டும் கடைசியில் ஒரே எண்ணில் போய் முட்டிக்கொள்கின்றன: எத்தனை மாடி?

இப்படிப்பட்ட கூட்டங்களில் நான் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன், பேசியும் இருக்கிறேன். மாடி எண்ணிக்கைக்காக மணிக்கணக்கில் வாதாடிய கட்டடங்கள் எழுந்து நின்ற பிறகு, அவற்றின் முப்பதாவது மாடியை நான் அண்ணாந்து பார்த்த நாள்கள் மிகக் குறைவு. அவற்றின் அடியில் நீளும் சன்னலற்ற சுவரையோ தினமும் கடந்து நடக்க வேண்டியிருக்கிறது. ஆகவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரத்தை விட்டுக்கொடுக்கலாம். முதல் நான்கு தளங்களையும், அடுத்த 50 ஆண்டுப் பராமரிப்பையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் அளவுகோலாகக் கொண்டு, மாநகராட்சியின் முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கலாம்.

முதலில் ஒரு கணக்கு

மனை 4,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அனுமதிக்கப்படும் தளப்பரப்பு குறியீடு 6, அதாவது எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பு மனையின் பரப்பைப்போல் 6 மடங்கு வரை போகலாம். அப்படியானால் மொத்தம் 24,000 சதுர மீட்டர் கட்டலாம். ஒரு தளத்துக்கு 600 சதுர மீட்டர் என்று ஒல்லியாகக் கட்டினால் 40 மாடி வரும். மனையின் அறுபது விழுக்காட்டை நிரப்பி, தளத்துக்கு 2,400 சதுர மீட்டர் என்று பரப்பிக் கட்டினால் 10 மாடியில் முடிந்துவிடும். வீடுகளும் அதே, மனிதர்களும் அதே, தண்ணீர்த் தேவையும் அதே.

இந்தக் கணக்கைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே கரும்பலகையில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீரும் என்பது என் அனுபவம். "நெரிசல் கூடும், அதனால் உயரத்தைக் குறையுங்கள்" என்ற வாதம் இங்கே நிற்காது. நெரிசலைத் தீர்மானிப்பது மொத்தத் தளப்பரப்பும் கார் நிறுத்துமிடங்களின் எண்ணிக்கையும்தான். உயரம் தீர்மானிப்பது நிழல், காற்று, கட்டுமானச் செலவு, தீ விபத்தின்போது வெளியேற ஆகும் நேரம் ஆகியவற்றை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசும்வரை நிறுவனத்துக்குத்தான் வசதி.

மறுத்துவிடுவது

"வேண்டாம்" என்பதும் ஒரு தேர்வு. அதற்கும் விலை உண்டு, ஆனால் அந்த விலை எந்த வரைபடத்திலும் தெரிவதில்லை. இங்கே வராத 250 அல்லது 300 குடும்பங்கள் மறைந்துபோவதில்லை. அவை அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளுக்கு வாடகைப் போட்டியாக வந்து நிற்கும், இல்லாவிட்டால் நகருக்கு வெளியே குடியேறித் தினமும் காரில் உள்ளே வரும்.

புதிய கட்டடம் வந்தால் சுற்றுப்புற வாடகை ஏறும் என்ற அச்சம் ஏழைக் குடியிருப்பாளர்களின் நியாயமான அச்சம். அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரையன் ஆஸ்க்வித், இவான் மாஸ்ட், டேவின் ரீட் ஆகிய பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களின் குறைந்த வருமானப் பகுதிகளில் எழுந்த புதிய பெரிய அடுக்குமாடிகளை ஆராய்ந்தார்கள். கட்டடம் எழாமல் இருந்திருந்தால் அதை ஒட்டிய வீடுகளின் வாடகை எவ்வளவு இருந்திருக்குமோ, அதைவிடச் சுமார் 6 விழுக்காடு குறைவாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். இடிக்கப்படும் வீட்டில் குடியிருந்தவருக்கு இந்தச் சராசரி எந்த ஆறுதலும் தராது என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் நம் மனையில் இடிபடும் வீடு ஒன்றுமில்லை. கார்கள்தான் நிற்கின்றன.

வீடுகள் இருக்கும் மனையாக இருந்தால் என் பதில் வேறு. குடியிருப்பவர்களுக்கு அதே இடத்தில், அதே வாடகையில் திரும்பி வரும் உரிமையை எழுத்தில் கொடுக்காத எந்தத் திட்டத்துக்கும் மறுப்பே சரியான விடை. வெறும் தார்த்தளத்தைக் காப்பாற்றுவதற்காக மறுப்பது அப்படியல்ல.

விண்ணப்பித்தபடியே ஏற்பது

நிறுவனம் கொண்டுவரும் முதல் வரைபடத்தை நான் எப்போதும் அடியிலிருந்துதான் படிக்கிறேன். பெரும்பாலும் அங்கே இருப்பது இதுதான்: சாலையை ஒட்டி மூன்று நான்கு தளங்களுக்குக் கார் நிறுத்துமிடம், அதை மறைக்க ஓர் அலங்காரத் தடுப்பு, மூலையில் கண்ணாடி வரவேற்பறை, இரண்டே இரண்டு கடைகள். அதற்கு மேல் 40 மாடிக் கோபுரம். கார் தளங்கள் பல ஊர்களின் விதிகளில் தளப்பரப்பு குறியீட்டில் சேராது. ஆகவே கணக்கில் 40 ஆக இருப்பது கண்ணுக்கு 44 ஆக நிற்கும்.

இதில் குறை கோபுரம் அல்ல. மனித நடமாட்டத்துக்கு மிக அருகில் இருக்கும் நான்கு தளங்களையும் கார்களுக்குக் கொடுத்துவிட்டு மனிதர்களை மேலே அனுப்பியதுதான் குறை. பல நேரம் இதற்கு நிறுவனத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது, வீட்டுக்கு இத்தனை கார் இடம் என்று மாநகராட்சி விதியே கட்டாயப்படுத்தியிருக்கும். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-லும், கனடாவின் எட்மண்டன் நகரம் 2020-லும் அந்தக் குறைந்தபட்சக் கட்டாயத்தையே நீக்கிவிட்டன. ரயிலும் பஸ்ஸும் நடந்து செல்லும் தூரத்தில் இருக்கும் மையப் பகுதியில் அந்தக் கட்டாயத்தை வைத்துக்கொண்டே "கட்டடம் அசிங்கமாக இருக்கிறது" என்று புகார் சொல்வது நியாயமில்லை.

இந்த வழியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கோபுரம் என்பது முழுதாக முடிந்தால்தான் பயன்படும். 30 மாடி எழும்பி நின்றுவிட்டால் அதில் ஒருவரும் குடியேற முடியாது. லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்தில் ஓஷன்வைடு பிளாசா என்ற மூன்று கோபுரத் திட்டம், கீழே கடைகளும் மேலே வீடுகளுமாக எழுந்துகொண்டிருந்தபோது, பணம் தீர்ந்து 2019-இல் நின்றுபோனது. 2024-இல் அந்த எலும்புக்கூட்டின் மாடிகள்தோறும் கிறுக்கல் ஓவியங்கள் நிறைந்து உலகச் செய்தியானது. திட்டத்தின் அழகைப் பேசும் அளவுக்கு, அதை முடிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கூட்டத்தில் கேட்க வேண்டும்.

மாடிகளைக் குறைத்து உடன்பாடு காண்பது

எல்லோருக்கும் நியாயமாகத் தெரியும் வழி இது. நாற்பது கேட்டார்கள், இருபது கொடுப்போம். எதிர்த்தவர்களுக்கு வெற்றி, மன்ற உறுப்பினர்களுக்கு நிம்மதி. இருக்கும் வழிகளில் மிக மோசமானது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நிறுவனம் நிலத்துக்குக் கொடுத்த விலை மாறாது. ஆகவே மாடியைக் குறைக்கச் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். முதலாவது, தளத்தை அகலமாக்கி அதே பரப்பைக் காப்பாற்றிக்கொள்ளும். 600 சதுர மீட்டர் தளம் 1,200 ஆகும். இருபத்தைந்து மீட்டர் அகலக் கோபுரம் 60 மீட்டர் நீளச் சுவராகும். நிழலைக் கணக்கிட்டுப் பாருங்கள். வானில் சூரியன் நகர்வதால் நிழலும் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 15 பாகை திரும்புகிறது. கட்டடத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவரைப் பொறுத்தவரை அது சுமார் 26 மீட்டர் நகர்வு. ஒல்லியான கோபுரத்தின் நிழல் அவரை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். குட்டையான, அகலமான கட்டடத்தின் நீளப் பக்கம் சூரியனை நோக்கி இருந்தால், அதன் நிழல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர்மீதே தங்கும். உயரமான கோபுரத்தின் நிழல் தூரமாக நீளும் என்பது உண்மை. பக்கத்துத் தெருவில் வசிப்பவருக்கு வேண்டியதோ அது விரைவாக விலகிப் போவது.

அகலமும் பருமனும் எவ்வளவு கொடுமை செய்யும் என்பதை நியூயார்க் நூறாண்டுகளுக்கு முன்பே கண்டது. 1915-இல் முடிந்த ஈக்விட்டபிள் கட்டடத்துக்கு 38 மாடிதான். ஆனால் எங்கும் உள்வாங்காமல் நடைபாதை விளிம்பிலிருந்து செங்குத்தாக எழும்பி, மனையின் பரப்பைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு தளப்பரப்பை அடைத்துக்கொண்டது. மறுவருடமே, 1916-இல், அந்த நகரம் மேலே போகப்போகக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரமும் போகலாம், ஆனால் மனையின் கால்பங்குக்குள் ஒடுங்கிப் போக வேண்டும் என்பதே அதன் சாரம்.

நிழலே தீமையும் அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வெயில் கொளுத்தும் ஊரில் நடைபாதைக்கு நிழல் ஒரு கொடை. குளிர் நாட்டில் பூங்காவின்மேல் விழும் நிழல் ஒரு பறிப்பு. சான் பிரான்சிஸ்கோ மக்கள் 1984-இல் வாக்கெடுப்பில் நிறைவேற்றிய சட்டம், 40 அடிக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்கள் நகரப் பூங்காக்களின்மேல் போடும் நிழலைக் கட்டுப்படுத்துகிறது. எங்கே, எந்த மாதம், எத்தனை மணிக்கு என்று கேட்கும் விதி அது. மாடி எண்ணிக்கையைவிட அந்தக் கேள்வி மேலானது.

இரண்டாவதாக நடக்கக்கூடியது பரப்பும் குறைவது. அப்போது நிறுவனம் இலாபத்தை விடாது, பொது நன்மையை விடும். குறைந்த விலை வீடுகள், குழந்தைகள் காப்பகத்துக்கு ஒதுக்கிய இடம், இரண்டு தெருக்களை இணைக்கும் நடைவழி, எல்லாம் "இனிக் கட்டுப்படியாகாது" என்ற ஒரே சொல்லில் போய்விடும். மாடி குறைந்த மகிழ்ச்சியில் இருப்பவர்கள் இதைக் கவனிப்பதுகூட இல்லை. இருபது மாடியைப் பறிகொடுத்தவர் நிறுவனத்தார் என்று நினைக்கிறோம், உண்மையில் பறிபோனது காப்பகம்.

பத்து மாடியில் பரப்பிக் கட்டுவது

இது என் மனத்துக்கு மிகப் பிடித்த வடிவம். சாலைகளை ஒட்டி நான்கு பக்கமும் கட்டடம், நடுவே திறந்த முற்றம். பாரிஸ் நகரம் பெரும்பாலும் ஆறேழு மாடிகளிலேயே சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 20,000 பேரைக் குடிவைத்திருக்கிறது. பார்சிலோனாவில் 1859-இல் இல்டெஃபோன்ஸ் செர்டா வகுத்த எய்க்சாம்ப்ளே பகுதியின் சதுரத் தொகுதிகள் இன்றும் நெருக்கமாகவும் வாழத் தகுந்ததாகவும் இருக்கின்றன. பாரிசில் 1973-இல் 210 மீட்டர் மொம்பர்னாஸ் கோபுரம் எழுந்தபோது மக்கள் மனம் கசந்தது. 1977-இல் நகரக் கட்டடங்களின் உயரத்துக்கு 37 மீட்டர் வரம்பு வந்தது. இடையில் தளர்த்தப்பட்ட வரம்பை 2023-இல் நகரம் மீண்டும் கொண்டுவந்தது.

பத்தாவது மாடியிலிருந்து முற்றத்தில் விளையாடும் குழந்தையைக் கூப்பிட முடியும். கட்டுமானமும் சதுர மீட்டருக்கு மலிவு. கோபுரத்துக்கு வேண்டிய கனமான மையச் சுவர்களும், கூடுதல் லிஃப்ட்களும், அழுத்தம் மிகுந்த தீயணைப்பு நீரேற்றமும் இங்கே அந்த அளவுக்குத் தேவையில்லை. தொகுதி தொகுதியாகக் கட்டி, முடிந்த பகுதியில் குடியேற்றவும் முடியும். பணம் பாதியில் தீர்ந்தாலும் பாதித் தெருவாவது உயிரோடு இருக்கும்.

இரண்டு தடைகள் உண்டு. மனை அகலமாகவும் சீராகவும் இருக்க வேண்டும். ஒடுங்கிய மனையில் முற்றம் கிணறாகிவிடும், கீழ்த்தள வீடுகளுக்கு வெளிச்சம் எட்டாது. அடுத்தது, மனை முழுதும் கட்டடம் நிரம்புவதால் தரையில் பொதுவெளிக்கு இடம் குறையும், முற்றம் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே என்று கதவு பூட்டப்படும். இந்த வடிவம் வந்தால் வீடு மலிவாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். பாரிஸ் மலிவான நகரம் அல்ல.

பீடமும் ஒல்லிக் கோபுரமும்

நான் கைதூக்கும் வழி இது, நிபந்தனைகளோடு. கீழே நான்கு தளத்துக்குத் தெருவின் அளவோடு பொருந்திய அகலமான பீடம். அதில் கடைகள், அலுவலகங்கள், தெருவிலிருந்தே நேராகக் கதவு திறக்கும் வீடுகள். அதன்மேல் உள்வாங்கி எழும் ஒரு மெல்லிய கோபுரம். கனடாவின் வான்கூவர் நகரம் இந்த வடிவத்தால் பேர் பெற்றது. அங்கே கோபுரத் தளம் சுமார் 600 சதுர மீட்டர், கோபுரங்களுக்கிடையே சுமார் 24 மீட்டர் இடைவெளி என்பது வழக்கம். டொரொண்டோவின் வழிகாட்டுதல்களில் அது 750 சதுர மீட்டரும் 25 மீட்டரும். மலைகளை நோக்கிய பார்வைத் தடங்களையும் வான்கூவர் 1989-இலிருந்து விதியாகவே காத்துவந்திருக்கிறது.

நம் கணக்குக்கு வருவோம். பீடத்தின் நான்கு தளம், தளத்துக்கு 2,400 வீதம் 9,600 சதுர மீட்டர். மீதி 14,400-ஐ 600-ஆல் வகுத்தால் 24 மாடி. ஆக மொத்தம் 28. கார்களைப் பீடத்திலிருந்து எடுத்து, எண்ணிக்கையைக் குறைத்து, நிலத்தடிக்கு அனுப்பினோம். அவ்வளவுதான். ஒரு வீட்டைக்கூடக் குறைக்காமல் 44 தளம் 28 ஆயிற்று. எதிர்த்தவர்கள் கேட்ட உயரக் குறைப்பும் கிடைத்தது, நிறுவனம் கேட்ட பரப்பும் கிடைத்தது. பீடத்தின் உட்பகுதியில் வெளிச்சம் குறைவு என்பதால் அங்கே வீடுகளை வைக்கக் கூடாது. கடைகளின் கிடங்கும் இயந்திர அறைகளும் அங்கே போகட்டும்.

பீடத்துக்குக் காற்றிலும் வேலை இருக்கிறது. உயரமான முகப்பில் மோதும் காற்று கீழ்நோக்கிப் பாய்ந்து நடைபாதையைச் சூறையாடும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் கோபுரத்தின் அடியில் 2011-இல் காற்று ஒரு லாரியைப் புரட்டி, நடந்துபோன ஒருவர் உயிரிழந்தார். பிறகுதான் அங்கே காற்றுத் தடுப்புகள் அமைக்கப்பட்டன. மேலிருந்து பாயும் காற்றைப் பீடத்தின் கூரை வாங்கிக்கொள்ளும், நடைபாதை தப்பும். அதையும் நம்பிவிடாமல், கட்டடத்தின் சிறு மாதிரிமேல் காற்றைச் செலுத்திப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனையை அனுமதிக்கு முன்பே கேட்க வேண்டும்.

தீ விபத்தைப் பற்றிப் பேசும்போது லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் நினைவுக்கு வராமல் இருக்காது. இருபத்து நான்கு மாடி, ஒரே படிக்கட்டு, எரியக்கூடிய வெளிப்பூச்சுப் பலகைகள். 2017 ஜூனில் 72 பேர் இறந்தார்கள். 18 மீட்டரும் அதற்கு மேலும் உயரமான புதிய குடியிருப்புகளுக்கு இரண்டாவது படிக்கட்டைக் கேட்கும் வழிகாட்டுதலை இங்கிலாந்து 2024-இல் வெளியிட்டது. எந்த நாட்டு விதி அதைக் கேட்காவிட்டாலும், 28 மாடிக்கு இரண்டு படிக்கட்டு என்பதில் பேரம் கிடையாது.

யாரும் கேட்காத கேள்வி

ஒரு கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நிழலைப் பற்றியே பேசி முடித்த பிறகு, பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து கேட்டார்: "முப்பது வருடம் கழித்து இதை யார் பழுதுபார்ப்பார்கள்?" மேடையில் இருந்த ஒருவரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வியை நான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன்.

வாடகைக் கட்டடத்துக்கு ஒரு முதலாளி. தனித்தனியாக விற்கப்பட்ட அடுக்குமாடிக்கு 300 முதலாளிகள். லிஃப்ட்டை மாற்றவும், வெளிச்சுவரின் நீர்த்தடுப்பைப் புதுப்பிக்கவும், கான்கிரீட்டைப் பழுதுபார்க்கவும் அந்த 300 பேரும் ஒப்புக்கொண்டு பணம் போட வேண்டும். ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் 1981-இல் கட்டிய 12 மாடி சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத், 2021 ஜூன் 24 அன்று இடிந்து 98 பேரைக் கொன்றது. கான்கிரீட் சேதத்தைப் பற்றிய பொறியாளர் அறிக்கை 2018-லேயே வந்திருந்தது. பெரும் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்ற இழுபறியில் வருடங்கள் போயின. பன்னிரண்டு மாடிக்கே இந்த நிலை.

விற்பனையைத் தொடங்கும்போது மாதப் பராமரிப்புக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டினால் வீடு விரைவாக விலைபோகும். அந்தக் குறைவு, பிற்காலத்தில் குடியிருப்பவர் தலையில் விழும் கடன். ஆகவே முதல் நாளிலிருந்தே பராமரிப்பு வைப்புநிதி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுதந்திரமான பொறியாளரின் ஆய்வு, அந்த அறிக்கையை வாங்குபவர் பார்க்கும் உரிமை, இவை மூன்றும் அனுமதியின் பகுதியாக வேண்டும். கோபுரத்துக்கும் பத்து மாடிக்கும் இது பொது. உயரம் கூடக்கூடச் செலவு செங்குத்தாக ஏறுவதால் கோபுரத்துக்கு இது உயிர்நாடி.

வாங்கியவர் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டால் வீட்டுப் பஞ்சம் தீராது என்பதும் எதிர்ப்பாளர்களின் வாதம். சரியான வாதம்தான். ஆனால் அதற்கு மருந்து மாடிக் குறைப்பு அல்ல, வரி. வான்கூவர் 2017-இல் காலி வீடுகளுக்கு மதிப்பில் 1 விழுக்காடு வரி விதித்தது, பின்னர் அதை 3 விழுக்காடாக உயர்த்தியது.

வாக்குறுதியும் பதிவும்

நியூயார்க் 1961-இலிருந்து, பொதுவெளி அமைத்துத் தரும் கட்டடங்களுக்குக் கூடுதல் தளப்பரப்பு வழங்கியது. 2000-ஆம் ஆண்டில் வெளியான கணக்கெடுப்பில் 320 கட்டடங்களில் அப்படிப்பட்ட 503 இடங்கள் இருந்தன. அவற்றில் 41 விழுக்காடு மக்களுக்குப் பெரிதாகப் பயன்படாதவை என்று தெரியவந்தது. பல இடங்கள் பூட்டப்பட்டிருந்தன அல்லது வேறு வேலைக்கு மாற்றப்பட்டிருந்தன. கூடுதல் மாடிகள் மட்டும் அப்படியே நின்றன. கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது, வாங்கியதை மட்டும் இழக்க முடியும் என்ற ஏற்பாட்டில் நகரம் எப்போதும் தோற்கும்.

ஆகவே நான் கேட்பது வரிசைமுறை. பீடமும், நடைவழியும், குறைந்த விலை வீடுகளும் பயன்பாட்டுக்கு வந்த பிறகே கோபுரத்தின் மேல்பாதிக்குக் குடியேற்றச் சான்றிதழ். நியூயார்க் 2016-இல் கொண்டுவந்த விதியில், பரப்பு உயர்த்தப்படும் பகுதிகளில் 20 முதல் 30 விழுக்காடு வரை கட்டுப்படியாகும் வீடுகளாக இருக்க வேண்டும். இங்கே குறைந்த விலை வீடுகளுக்கும் மற்ற வீடுகளுக்கும் ஒரே வாசல், ஒரே லிஃப்ட் இருக்கட்டும். கடைகளின் முகப்பு ஒவ்வொன்றும் சிறியதாக இருக்கட்டும். ஒரே பெரிய கடைக்கு முழு முகப்பையும் கொடுத்தால், அது மூடப்படும் நாளில் தெருவே மூடப்படும். குறித்த ஆண்டுகளுக்குள் கட்டத் தொடங்காவிட்டால் அனுமதி காலாவதியாக வேண்டும். இல்லையென்றால் அனுமதிச் சீட்டோடு நிலத்தை இன்னொருவருக்கு அதிக விலைக்கு விற்றுவிட்டுப் போய்விடுவார்கள், கார்கள் அங்கேயே நிற்கும்.

இவற்றை நிலத்தோடு சேர்த்துப் பதிவு செய்ய நிறுவனம் சம்மதித்தால் 28 மாடிக்கு என் ஆதரவு உண்டு. அதைவிடச் சில மாடிகள் கூடினாலும் எனக்கு எதிர்ப்பில்லை. "பேச்சளவில் ஒப்புக்கொள்கிறோம், பதிவு வேண்டாம்" என்றால் பத்து மாடிக்கே வாக்கு. அந்த வடிவத்தில் நகரம் நம்ப வேண்டிய வாக்குறுதிகள் குறைவு, பிழை நேர்ந்தாலும் அதன் அளவு சிறிது.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். அந்தி வானத்தின் பின்னணியில் கோபுரம் மின்னும் வண்ணப் படத்தைத்தான் எப்போதும் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதை விட்டுவிட்டு, தரைத்தளத்தின் வரைபடத்தை, நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கிய அளவில், எத்தனை கதவுகள் தெருவை நோக்கித் திறக்கின்றன என்று எண்ணும்படியாக, வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள்.